க்ளோசிங்கில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். விற்காவிட்டால் யார் கொடுப்பது?

அமெரிக்காவில் வீட்டை விற்கத் தயாராகிறவர்களுக்கு ஏஜென்ட்கள் இப்போது தாராளமாக நீட்டும் வசதி ஒன்று உண்டு. பெயின்ட் அடிப்பது, தரை மாற்றுவது, பழைய கிச்சனைச் சீர் செய்வது, முன்புறத் தோட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்று எல்லாவற்றையும் விற்பனைக்கு முன்பே செய்துகொள்ளலாம். இப்போது கையிலிருந்து எதுவும் தர வேண்டாம். வீடு விற்று க்ளோசிங் நடக்கும் நாளில், அதாவது பணமும் பத்திரமும் கைமாறி விற்பனை முடியும் நாளில், வரும் தொகையிலிருந்து அந்தச் செலவைக் கழித்துக்கொள்வார்கள். பொதுவாக வட்டியும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுத்தும் இருக்கிறது. ஆனால் முதலில் பணம் போடுகிறவர் ஒருவர், அந்தப் பணத்துக்குக் கடைசிவரை பொறுப்பேற்கிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் எப்போதும் வீட்டுக்காரர்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த முறை பரவலானது கடந்த சில ஆண்டுகளில்தான். நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட காம்பஸ் என்ற வீட்டுத்தரகு நிறுவனம் 2018-இல் ‘கன்சியர்ஜ்’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கோல்ட்வெல் பேங்கர் ‘ரியல்வைட்டலைஸ்’ என்று தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மேரிலாந்தில் தொடங்கிய கர்பியோ போன்ற நிறுவனங்கள் வேறு வழியில் வந்தன. அவை தரகர்கள் அல்ல, வேலையை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர்கள். அவர்களே வேலையை முடித்துவிட்டு, வீடு விற்றபின் தங்கள் பில்லை வாங்கிக்கொள்வார்கள். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு தேவை வந்தது?

2021 தொடக்கத்தில் அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் அது 7.79 சதவீதத்தைத் தொட்டது. 4,00,000 டாலர் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 1,690 டாலர். அதே கடன் 7.5 சதவீதத்தில் ஏறக்குறைய 2,800 டாலர். வாங்குகிறவர் முன்பணம் கட்டவே சேமிப்பை எல்லாம் வழித்துப் போட்டுவிடுகிறார். அப்புறம் கிச்சனுக்கு 30,000 டாலர் எங்கிருந்து எடுப்பார்? எனவே குடிபுகத் தயாராக இருக்கும் வீட்டைத்தான் தேடுகிறார்.

ஆனால் அதே 30,000 டாலர் வீட்டின் விலைக்குள் சேர்ந்து வந்தால் அவருக்குக் கனமாகத் தெரிவதில்லை. 20 சதவீதம் முன்பணம் என்றால் கூடுதலாக 6,000 டாலர். மீதி 24,000 டாலர் கடனில் சேர்கிறது. 7 சதவீத வட்டியில் மாதம் சுமார் 160 டாலர். புதிய கிச்சனுக்கு மாதம் 160 டாலர் என்றால் சரி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தத் திட்டங்கள் உண்மையில் செய்வது இதைத்தான்: இன்றைய ரிப்பேர் செலவை வாங்குகிறவரின் 30 ஆண்டுக் கடனுக்குள் தள்ளிவிடுகின்றன. அது தப்பில்லை. இரண்டு பக்கமும் பலன் பெறலாம்.

விற்கிறவர் பக்கத்தையும் பாருங்கள். எண்பதுகளில் வாங்கிய வீடு, கடன் எப்போதோ முடிந்துவிட்டது, வீட்டின் மதிப்பு பல லட்சம் டாலர். ஆனால் வங்கிக் கணக்கில் இருப்பது மாதாந்திர ஓய்வூதியம் மட்டும். இப்படிப்பட்ட முதியவர்கள் அமெரிக்காவில் ஏராளம். முதியோர் இல்லத்துக்கு மாறுவதற்காக வீட்டை விற்க நினைப்பார்கள். தரைவிரிப்பு முப்பது வருடப் பழசு, குளியலறைச் சுவர் ஊறிப்போயிருக்கும். வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்கலாமே என்றால், விற்பனைக்குப் பட்டியலிட்ட வீட்டின்மேல் பெரும்பாலான வங்கிகள் அப்படிக் கடன் தருவதில்லை. மிச்சமிருப்பது, ‘எந்த நிலையில் இருந்தாலும் ரொக்கத்துக்கு வாங்குகிறோம்’ என்று தெருமுனையில் பலகை வைத்திருப்பவர்கள். அவர்கள் சந்தை விலையைவிட மிகக் குறைத்துத்தான் கேட்பார்கள். அந்தப் பலகைக்காரரிடம் போகாமல் ஒரு முதியவரைக் காப்பாற்றினால் அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏற்பாட்டை நான் வரவேற்பேன்.

சரி, இப்போது ஒப்பந்தத்துக்குள் போவோம்.

காம்பஸ் போன்ற தரகு நிறுவனத் திட்டங்களில் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நேரம் பொதுவாக மூன்றில் எது முதலில் வருகிறதோ அது: வீடு விற்கும்போது, அல்லது வீட்டை விற்றுத்தர ஏஜென்டுடன் போட்ட லிஸ்டிங் ஒப்பந்தம் முறியும்போது, அல்லது 12 மாதம் முடியும்போது. முதலாவதை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும்.

இரண்டாவதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். வேலை முடிந்துவிட்டது. 40,000 டாலர் செலவாகிவிட்டது. ஏஜென்ட் சரியில்லை, போனை எடுப்பதில்லை, விலையைக் குறை குறை என்று மட்டும் நச்சரிக்கிறார். மாற்ற நினைக்கிறீர்கள். மாற்றினால் 40,000 டாலர் உடனே கட்ட வேண்டும். கையில் பணமில்லை என்பதால்தானே இந்த வழிக்கே வந்தீர்கள்? ஆக, ஏஜென்டை மாற்றும் உரிமை காகிதத்தில் இருக்கும், கையில் இருக்காது. குறைந்த விலைக்கு ஓர் ஆஃபர் வந்து, ‘இதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொல்லும்போது மறுக்கும் தெம்பும் குறைந்துவிடும். வட்டி இல்லாத பணத்துக்கு நீங்கள் கொடுக்கும் பெரிய விலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது நிபந்தனை மந்தமான சந்தையில் கடிக்கும். 2023-இல் அமெரிக்காவில் விற்ற பழைய வீடுகள் 40.9 லட்சம், 1995-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக விற்றதில்லை. 2024 அதையும்விடச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு மாதம் என்பது நீண்ட காலமாகத் தெரியலாம். வேலைக்கே மூன்று மாதம் போய், குளிர்காலமும் குறுக்கே வந்துவிட்டால் அது அவ்வளவு நீளமில்லை.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அமெரிக்காவில் கடன் வாங்குகிறவர்களைப் பாதுகாக்கும் முக்கியமான கூட்டாட்சிச் சட்டம் 1968-இல் வந்தது. கடனின் உண்மையான செலவை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் பிணையாக வைத்து வாங்கும் பல கடன்களில் மூன்று வேலைநாளுக்குள் மனம் மாறி ரத்து செய்யலாம். ஆனால் அந்தச் சட்டம் பிடிப்பது, வட்டியோ கடனுக்கான கட்டணமோ வாங்குகிறவர்களையும், நான்கு தவணைக்கு மேல் வசூலிப்பதாக எழுதிக்கொள்கிறவர்களையும்தான். வட்டி கிடையாது, ஒரே தவணையில் க்ளோசிங்கில் வசூல் என்று அமைத்துவிட்டால், அந்த ஏற்பாடு பொதுவாக அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும். வட்டி இல்லை என்பதாலேயே ஒரு பாதுகாப்பும் இல்லாமல் போகிறது. மாநிலச் சட்டங்கள் தனி. கான்ட்ராக்டர்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் பல மாநிலங்களில் கடுமையானவை. இருந்தாலும் ‘வட்டி இல்லை, அதனால் கவலை இல்லை’ என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

வட்டி இல்லாமல் ஒருவர் எப்படிப் பணம் போடுகிறார்? தரகு நிறுவனத்துக்கு லாபம் கமிஷனில் இருக்கிறது. உங்கள் வீடு அவர்கள் கைக்கு வருகிறது, கூடுதல் விலைக்கும் விற்கிறது. அதுவே அவர்களுக்குப் போதும். எனவே அந்த வகைத் திட்டங்களில் வேலைக்கான விலையைப் பெரும்பாலும் நீங்களே வெளிக் கான்ட்ராக்டர்களிடம் பேசிக்கொள்ளலாம். கான்ட்ராக்டரே காத்திருந்து வாங்கும் வகையில் கதை வேறு. சம்பளம், பொருள் விலை எல்லாவற்றையும் அவர் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும். அந்தச் சுமையின் விலை எங்கேயாவது ஏறித்தான் ஆக வேண்டும், எஸ்டிமேட்டுக்குள்தான் ஏறும். தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே வேலைப் பட்டியலை வேறு இரண்டு கான்ட்ராக்டர்களிடம் கொடுத்து, ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்பதுதான். அவர்கள் 22,000 சொல்லி இவர் 31,000 சொன்னால், நடுவில் நிற்கும் 9,000 டாலரில் பெரும்பகுதி காத்திருப்புக்கான கூலி என்று எடுத்துக்கொள்ளலாம். அது உங்களுக்குச் சம்மதமாகவும் இருக்கலாம். தெரிந்து சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஒப்பந்தத்திலேயே முன்பணம் என்பது பலர் பயப்படும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் வீட்டு மராமத்து ஒப்பந்தத்துக்குக் கான்ட்ராக்டர் கேட்கக்கூடிய முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அது. பிறகு வேலை நடக்க நடக்கத்தான் கொடுக்க வேண்டும். ‘முன்பணமே வேண்டாம்’ என்பது கலிபோர்னியாவில் அவ்வளவு பெரிய சலுகை அல்ல.

எண்களை ஒரு முறை எழுதிப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு, ஆனால் உருப்படிகள் எல்லாம் உண்மையான க்ளோசிங் அறிக்கையில் வருபவைதான். இருக்கிறபடியே விற்றால் 4,60,000 டாலர் கிடைக்கும் வீடு. மிச்சமுள்ள வீட்டுக்கடன் 2,80,000. கமிஷன் 5 சதவீதம், 23,000. டைட்டில் (வீட்டின் உரிமையைச் சரிபார்ப்பது), எஸ்க்ரோ (நடுவில் நின்று பணத்தைக் கையாள்வது), பத்திர வரி எல்லாம் சேர்த்து 6,000. கையில் நிற்பது 1,51,000 டாலர்.

இப்போது 38,000 டாலருக்குக் கிச்சன், ஒரு குளியலறை, தரை, பெயின்ட் எல்லாம் செய்கிறோம். வீடு 5,05,000-க்கு விற்கிறது. 45,000 டாலர் கூடுதல் விலை என்று ஏஜென்ட் மகிழ்ச்சியாகச் சொல்வார். கமிஷனும் 25,250 ஆகிவிட்டது. மற்ற கட்டணங்கள் 6,500. கடன் அதே 2,80,000. வேலைக்கான 38,000 போகிறது. வேலை நடந்த மூன்று மாதமும் கடன் வட்டி, சொத்துவரி, காப்பீடு, மின்சாரம், தண்ணீர் என்று மாதம் 2,800 வீதம் 8,400 டாலரை நீங்கள் கையிலிருந்து கட்டியிருக்கிறீர்கள். கடைசியில் நிற்பது 1,46,850. விலை 45,000 ஏறியும் கைக்கு வந்தது 4,150 குறைவு.

அதே வீட்டில் கிச்சனையும் குளியலறையையும் உடைக்காமல், உள்ளே முழுக்க வெளிர்நிறப் பெயின்ட், புதுத் தரைவிரிப்பு, விளக்குகள், அலமாரிக் கைப்பிடிகள், நல்ல சுத்தம், முன்புற புல்வெளி என்று 14,000 டாலரோடு நிறுத்தி, ஒரு மாதத்தில் முடித்து 4,90,000-க்கு விற்றால்? கமிஷன் 24,500, மற்றவை 6,300, கடன் 2,80,000, வேலை 14,000, ஒரு மாதச் செலவு 2,800. கையில் 1,62,400. முதல் கணக்கைவிட 11,400 டாலர் அதிகம்.

என் கணக்கில் நான் போட்டிருக்கும் விற்பனை விலைகளோடு நீங்கள் சண்டை போடலாம். உங்கள் ஊரில் கிச்சன் இன்னும் அதிகம் ஏற்றித் தரலாம். ஆனால் போக்கு இப்படித்தான் இருக்கிறது. எந்த மராமத்து எவ்வளவு திருப்பித் தருகிறது என்று ஆண்டுதோறும் வெளிவரும் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ அறிக்கையின் 2024 பதிப்பில், போட்ட பணத்தைவிட மிக அதிகம் திருப்பித் தந்தவை கராஜ் கதவும் எஃகு வாசற்கதவும். கிச்சனில் மேல்பூச்சாகச் செய்யும் சின்ன மாற்றம் சுமார் 96 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. ஆடம்பரமாக அடியோடு மாற்றிய கிச்சன் சுமார் 38 சதவீதம்தான். வாங்க வருகிறவர் முதலில் தெருவிலிருந்து பார்ப்பதும், பிறகு ‘இதில் எனக்கு வேலை இல்லை’ என்று நினைப்பதும்தான் விலையை ஏற்றுகின்றன. அவருடைய ரசனைக்கு ஏற்ற கல் மேடையை நீங்கள் ஊகித்துப் போட முடியாது.

விலைக்கு இன்னொரு கூரையும் இருக்கிறது. வாங்குகிறவருக்குக் கடன் தரும் வங்கி, வீட்டை மதிப்பிடும் அப்ரைசரை அனுப்பும். அவர் அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு மதிப்புப் போடுவார். தெருவில் எதுவும் 4,90,000-ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் பளிங்குக்கு அவர் 5,40,000 போட்டுவிட மாட்டார்.

இங்கேதான் பணம் எளிதாகக் கிடைப்பதின் ஆபத்து இருக்கிறது. கையிலிருந்து 14,000 எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு உருப்படியையும் பத்து முறை யோசிப்போம். பிறகு கழியப்போகும் பணம் என்றால் 38,000 வரை கை தானாக நீளும். வேலையைத் தீர்மானிக்கிறவர் யார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஏஜென்டுக்கு விலை ஏறினால் கமிஷன் ஏறும், வீடு சீக்கிரம் விற்கும்; செலவில் அவருக்குப் பங்கில்லை. கான்ட்ராக்டருக்கு வேலை பெரிதானால் நல்லது. பட்டியலைச் சின்னதாக்க விரும்பும் ஒரே ஆள் நீங்கள்தான்.

வேலைக்கு நடுவில் வரும் சிக்கல்களை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். 2010 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட வீடுகளில் பெயின்டைக் கிளறும் வேலையைச் செய்ய கான்ட்ராக்டருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். பிளம்பிங், மின் இணைப்பு போன்றவற்றுக்குப் பல இடங்களில் நகராட்சி பெர்மிட் தேவை. பெர்மிட் இல்லாமல் செய்த வேலையை வாங்குகிறவரின் ஏஜென்ட் நகராட்சிப் பதிவேட்டில் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு பேரம் அங்கிருந்து தொடங்கும்.

லியன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் வேலை செய்து கூலி கிடைக்காதவர் அந்த வீட்டின் மேலேயே உரிமை பதிவு செய்யலாம். அதைத்தான் மெக்கானிக்ஸ் லியன் என்கிறார்கள். முக்கியமான சங்கதி, நீங்கள் ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்கு மட்டும் இல்லை, அந்தக் கம்பெனி கூட்டிவந்த டைல்ஸ்காரருக்கும் மரக்கடைக்கும் இந்த உரிமை உண்டு. கம்பெனி அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டால் அவர்கள் உங்கள் வீட்டின்மேல் லியன் போடுவார்கள். கலிபோர்னியாவில் இப்படிப்பட்டவர்கள் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள், சிலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டில் யார் யாருக்குக் கூலி பாக்கி இருக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. எடுத்துவைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு பெயரிடமிருந்தும் ‘பணம் வந்துவிட்டது, உரிமை கோரமாட்டேன்’ என்று எழுத்தில் வாங்கித்தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் க்ளோசிங்குக்கு இரண்டு நாள் முன்பு டைட்டில் கம்பெனியிலிருந்து போன் வரும்: வீட்டின்மேல் ஒரு லியன் இருக்கிறது, தீர்க்காமல் விற்க முடியாது.

எதுவுமே செய்யாமல் விற்றுவிட்டு, வாங்குகிறவருக்கு ரிப்பேருக்கென ஒரு தொகையைக் க்ளோசிங்கில் விட்டுக்கொடுப்பது இன்னொரு வழி. தலைவலி குறைவு. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. வழக்கமான வீட்டுக்கடனில் வாங்குகிறவரின் முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் விற்கிறவர் தரும் சலுகை விலையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 முதல் 25 சதவீதத்துக்குள் என்றால் 6. அதற்கு மேல் 9. அந்தத் தொகையும் வாங்குகிறவரின் க்ளோசிங் செலவுகளுக்குத்தான் போகும், கையில் ரொக்கமாகப் போகாது. க்ளோசிங் செலவு 9,000 டாலர் என்றால் 20,000 டாலர் சலுகை தந்தும் பயனில்லை. விலையைக் குறைப்பதுதான் நேர்வழி.

வரி விஷயத்தில் ஒரு பழைய செய்தி. 1997 வரை அமெரிக்க வரிச்சட்டத்திலேயே இதற்கு ஓர் இடம் இருந்தது. விற்பனை ஒப்பந்தத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் வீட்டைச் சீராக்கச் செய்த வேலைக்கு, விற்ற 30 நாளுக்குள் பணம் கொடுத்திருந்தால், வேறு வீடு வாங்கி வரியைத் தள்ளிப்போடும் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். விற்றுவிட்டுக் கூலி கொடுக்கும் பழக்கம் அப்போதே இருந்ததை அந்தச் சட்டம் காட்டுகிறது. 1997-இல் அந்த முறையே போய்விட்டது. இப்போது, கடந்த ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்து அதில் குடியிருந்தவர்களுக்கு லாபத்தில் 2,50,000 டாலர் வரை, தம்பதியாக வரி தாக்கல் செய்தால் 5,00,000 டாலர் வரை வரி இல்லை. அதற்கு மேல் லாபம் வருகிறவர்களுக்கு, புதுக் கிச்சன் போன்ற மேம்பாடுகள் வாங்கிய விலையோடு சேர்ந்து லாபத்தைக் குறைக்கும். வெறும் பெயின்ட் பொதுவாகச் சேராது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் மாதிரி ஊர்களில் இருபது வருடம் முன்பு வாங்கியவர்கள் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள். வேலைக்கான பில்களை வகை பிரித்துத் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.

கடைசியாக, ஊருக்குத் திரும்பியவர்கள். வேலையை முடித்துக்கொண்டு சென்னைக்கோ கோவைக்கோ குடும்பத்தோடு வந்துவிட்டு, அமெரிக்க வீட்டைப் பிறகு விற்கும் தமிழர்களுக்கு இந்தக் ‘க்ளோசிங்கில் கழித்துக்கொள்வது’ மிகவும் வசதியாகத் தெரியும். தூரத்திலிருந்து கான்ட்ராக்டருக்குக் காசோலை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாமே. ஆனால் குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமல், வரிக்கணக்கில் அங்கே குடியிருப்பவராகவும் இல்லாத ஒருவர் வீட்டை விற்றால், வாங்குகிறவர் விற்பனை விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். வாங்குகிறவர் குடியிருக்கவே வாங்குகிறார், விலை 10 லட்சம் டாலருக்குள் என்றால் 10 சதவீதம். அப்படிக் குடியிருக்க வாங்கும் வீடு 3 லட்சத்துக்குள் என்றால் பிடித்தம் இல்லை. கவனியுங்கள், இது லாபத்தின் மேல் இல்லை, முழு விலையின் மேல். 6,00,000 டாலர் வீட்டில் 60,000 அல்லது 90,000 அப்படியே நின்றுவிடும். வங்கிக் கடன், கமிஷன், மராமத்து பில் எல்லாம் மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். கடன் அதிகம் உள்ள வீடு என்றால் க்ளோசிங்கில் விற்கிறவரே பணம் கொண்டுவர வேண்டிய நிலைகூட வரும்.

உண்மையான வரி அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்றால், பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி 8288-பி படிவத்தில் ஐஆர்எஸ்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். க்ளோசிங் நாளன்றோ அதற்கு முன்போ அனுப்பியிருக்க வேண்டும். பதில் வர மூன்று மாதம்போல ஆகும். அதுவரை பிடித்த தொகை பெரும்பாலும் க்ளோசிங்கை நடத்துகிறவரிடமே இருக்கும். கான்ட்ராக்டருக்கான தொகை மட்டும் முதல் நாளே போய்விடும். எனவே மராமத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டைட்டில் கம்பெனியிடம் இந்தப் பிடித்தத்தையும் சேர்த்து உத்தேசக் க்ளோசிங் கணக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள்.